புதிய கப்பலும் பிரயாணக் கணக்கும்

கொட்டாஞ்சேனையில் வாழ்வோருக்குக் கப்பலின் ஊதொலி புதிதன்று. கொச்சிக்கடைச் சிவன் கோயில் மணியும் அந்தோனியார் கோயில் மணியும் ஓய்ந்த இடைவேளையிலே, துறைமுகத்திலிருந்து அவ்வொலி எழுந்து தெருக்களை நிறைக்கும். ஆயினும், அவ்வூரவர் ஒருவர் கப்பலேறித் தமிழகம் செல்ல விரும்பினால், கண்முன்னே கிடக்கும் துறைமுகம் அவருக்குப் பயன்படாது. கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஓடிய பிரயாணிகள் கப்பல் 2011 நவம்பரில் நின்றது. அதன்பின் அவ்வழியிலே ஒழுங்கான சேவை எதுவும் நிலைபெறவில்லை. கடல்வழி நாடுபவர் ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் வடக்கே காங்கேசன்துறைக்குப் போதல் வேண்டும். அல்லது, ஆகாய விமானத்திற் சென்னை சேர்ந்து, அங்கிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் இடம் தேடுதல் வேண்டும்.

இரு கரைகளிலும் உறவினர் உளர், திருத்தலங்கள் உள, கொடுக்கல் வாங்கல் உளது. புதிய கப்பற் சேவைகளும் காலத்துக்குக் காலம் தோன்றவே செய்தன. முதல் நாளிலே மாலையும் மேளமும் மந்திரிமார் பேச்சும். சில மாதங்களின் பின் துறைமுகத்திலே வெற்றிடம். இவ்வாறு நிகழ்வதற்குக் காரணம் பல கூறலாம். அவற்றுட் பெரும்பாலானவை பிரயாணச் சீட்டின் விலைக்குள்ளேயே மறைந்து கிடக்கின்றன. கட்டணம் எவ்வளவு என்று கேட்பது எளிது. அக்கட்டணம் எந்தெந்தச் செலவைத் தாங்குகிறது, எத்தனை மாதம் தாங்கும் என்று கேட்பவர் சிலரே.

கப்பலில் ஆசனம் விற்பது கடை வியாபாரம் போன்றதன்று. புறக்கோட்டை அரிசி வியாபாரி இன்று விற்காத மூட்டையை நாளைக்கு விற்பார். கப்பல் முதலாளியோ, கயிறு அவிழ்க்கும் வேளையில் வெறுமையாய்க் கிடக்கும் ஆசனத்தைப் பின்னர் எவருக்கும் விற்க இயலாது. ஆட்கள் குறைந்ததனால் மாலுமிகளின் சம்பளம் குறையாது. துறைமுகக் கட்டணமும் காப்புறுதிப் பணமும் குறையா. எரிபொருட் செலவும் பெரிதாகக் குறையாது. ஆகவே, புதிதாக வரும் கம்பெனி கட்டணத்தைத் தாழ்த்தி ஆட்களை நிறைக்க முயலும். அல்லது கட்டணத்தை உயர்த்தி, வருகின்ற சிலரைக் கொண்டே செலவை ஈடுசெய்ய முயலும். முன்னையதற்குக் கைம்முதல் வேண்டும். பின்னையதற்கு ஆகாய விமானம் இடங்கொடாது.

இந்தக் கணக்கைக் கொழும்புக் கடல்வழியிலே மிகவும் கடுமையாகக் கற்றது, வ. உ. சிதம்பரம்பிள்ளை தூத்துக்குடியில் நிறுவிய சுதேசிக் கப்பற் கம்பெனியே. 1906 அக்டோபர் 16ஆந் திகதி அது பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து இலட்சம் ரூபா. அது 25 ரூபா வீதம் 40,000 பங்குகளாக வகுக்கப்பட்டது. பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவராயிருந்தார். இந்தியரும் இலங்கையரும் ஏனைய ஆசிய நாட்டவருமே பங்குதாரராகலாம் என்பது விதி. அக்காலத்திலே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரயாணிகளையும் சரக்கையும் ஏற்றி வந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியாகும். போட்டியில்லாத வழி, நிச்சயமான வருமானம். அரிசியும் கருவாடும் வெங்காயமும் ஒரு புறம். தோட்டங்களை நாடிய தொழிலாளரும் கொழும்பிற் கடை வைத்த வணிகரும் மறு புறம்.

சுதேசிக் கம்பெனிக்கு முதலிற் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயிலிருந்த ஒரு கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் பெற்றது. எதிர்த்தரப்பின் நெருக்குதலால் அக்கப்பல் விலக்கிக் கொள்ளப்பட்டது. அவ்வேளையிற் கைகொடுத்தது இலங்கைதான். இங்கிருந்து பெரிய கப்பலொன்று வாடகைக்குப் பெறப்பட்டு, சேவை அறுந்துபோகாமற் காக்கப்பட்டது. வாடகைக் கப்பலை நம்பி வாணிபம் நடத்துவது, பிறர் தோணியில் வலை வீசுவது போன்றதே என்பதைச் சிதம்பரம்பிள்ளை உணர்ந்தார். வடநாடு சென்று பணம் திரட்டினார். காலியா, லாவோ என்னும் இரு நீராவிக் கப்பல்கள் 1907இல் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேரும் இரண்டாம் வகுப்பில் 24 பேரும் சாதாரண வகுப்பில் 1,300 பேரும் செல்ல இடமிருந்தது. இவ்வெண்களை நோக்குக. அந்தக் கப்பல்களின் வாழ்வு மெத்தை விரித்த அறைகளில் இல்லை. தட்டில் மூட்டையோடு குந்தியிருந்த ஏழைப் பிரயாணியின் கையிலேயே இருந்தது.

அந்த ஏழைப் பிரயாணியைக் குறித்தே கட்டணப் போர் மூண்டது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி ஆளுக்கு ஒரு ரூபாவாகக் கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபா என்றது. எதிர்த்தரப்போ இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும், ஏறுவோருக்குக் குடையொன்று அளிப்பதாகவும் கூறியது என்பது வரலாற்று நூல்கள் பலவற்றிற் காணப்படும் செய்தி. வேடிக்கை போலத் தோன்றும் இச்செய்தியினுள்ளே பெரிய வாணிப உண்மையொன்று உளது. பெரிய கம்பெனிக்குப் பல கடல்வழிகள் இருந்தன. தூத்துக்குடி வழியில் இழந்ததை வேறெங்கேனும் பெறலாம். சிறிய கம்பெனிக்கு இருந்தது அந்த ஒரே வழிதான். குடை கொடுத்தவனுக்கு அது விளம்பரச் செலவு. அரை ரூபாவுக்கு ஆளேற்றியவனுக்கோ ஒவ்வோர் ஓட்டமும் மூலதனத்திலிருந்து அரிந்தெடுத்த துண்டு.

1908 மார்ச் 12ஆந் திகதி சிதம்பரம்பிள்ளை கைது செய்யப்பட்டார். அவ்வாண்டு யூலையிலே கொடுந்தண்டனை விதிக்கப்பட்டது. தலைவன் சிறை சென்றதனாலேயே கம்பெனி வீழ்ந்ததென்று பொதுவாகக் கூறுவர். அடக்குமுறை இல்லாதிருந்தால் அது நெடுங்காலம் நின்றிருக்கக்கூடும் என்பதும் உண்மையே. ஆனால், அரை ரூபாக் கட்டணம் அதன் இரத்தத்தை முன்னரே உறிஞ்சத் தொடங்கிவிட்டது என்பதையும் மறைத்தலாகாது. 1911இற் கம்பெனி கலைக்கப்பட்டது. எந்தக் கம்பெனியை எதிர்த்து அக்கப்பல்கள் வாங்கப்பட்டனவோ அதனிடமே காலியா விற்கப்பட்டதாம்.

இதற்கு நேர்மாறான கதை 1914இல் தொடங்கியது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையேயுள்ள ஏறத்தாழ 22 மைல் கடலைக் கப்பல் கடந்தது. இரு கரையிலும் புகையிரதம் காத்து நின்றது. கொழும்புக் கோட்டையில் வாங்கிய ஒரே சீட்டு சென்னை எழும்பூர் வரை செல்லும். ‘போட் மெயில்’ என்று மக்கள் அழைத்த இச்சேவை ஐம்பது ஆண்டு நிலைத்ததன் இரகசியம் யாது? கப்பல் தனித்து இலாபம் ஈட்டவேண்டிய கட்டாயமின்மையே. அது இரண்டு நீண்ட இருப்புப்பாதைகளை இணைத்த ஒரு நீர்ப்பாலம். கடலிற் குறைந்த வருவாய் தரையில் நிரம்பிற்று. மனிதர் கட்டணப் போரால் அழிக்காத அச்சேவையை 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியோடு சிதைத்தது. பின்னர் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலும் 1980ஆம் ஆண்டுகளின் யுத்தத்தோடு நின்றது.

யுத்தம் முடிந்தபின் 2011 யூனில், ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்னும் பெருங்கப்பல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வந்தது. 1972இற் கட்டப்பட்ட பழைய கப்பல். 1,044 பேருக்கு இடமுண்டு. 152 கடல்மைலை ஏறத்தாழ 14 மணித்தியாலத்திற் கடக்கும். மிகக் குறைந்த கட்டணம் ஏறக்குறைய 46 அமெரிக்க டொலர். விலையில் யாரும் குறை சொல்லவில்லை. வாரம் இருமுறை போய்வருவதென்றால் நான்கு ஓட்டம். கப்பல் நிறைவதற்கு வாரந்தோறும் 4,176 பிரயாணிகள் வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் விமானம் சென்னை சேரும் காலத்திலே, இத்தனை பேர் ஓரிரவைக் கடலிற் கழிக்க வாரந்தோறும் எங்கிருந்து வருவர்? ஐந்தே மாதத்திற் சேவை நின்றது. கொட்டாஞ்சேனைக்குத்தான் இதனால் நட்டம் அதிகம். தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்து குடியேறிய பரதகுலக் குடும்பங்களும், இந்திய வம்சாவளி வணிகரும் பெருகி வாழ்ந்த பகுதி அது. அவர்களுடைய ஊர்வழி தூத்துக்குடி வழிதான்.

வெள்ளவத்தையின் கடல்வழி வேறு. அங்கே வடபகுதியிலிருந்து வந்தோர் மிகுதி. 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபின், காங்கேசன்துறையிற் கப்பலேறித் திருகோணமலையில் இறங்கிக் கொழும்பு வந்து சேர்ந்தவர்கள் அப்பகுதி மாடிவீடுகளிலே இன்றும் உளர். கப்பற் பிரயாணம் என்றதும் அவர்கள் நினைவுக்கு வருவது உல்லாசமன்று. அனுமதிப் பத்திரமும் நெடிய வரிசையுமே. அதே காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்கு 2023 அக்டோபர் 14ஆந் திகதி சேவை தொடங்கிற்று. தூரம் ஏறத்தாழ 60 கடல்மைல். நேரம் நான்கு மணித்தியாலம் அளவில். ‘செரியபாணி’ என்னும் கப்பலில் 150 ஆசனங்கள். கட்டணம் வரியோடு 7,670 இந்திய ரூபா. முதல் நாளுக்கு மட்டும் ஏறத்தாழ 2,800 ரூபா என்று சலுகை வழங்கப்பட்டது. அந்த முதல் நாளிலும் மூன்றிலொரு பங்கு, அதாவது ஐம்பது பேர் அளவிலேயே ஏறினர். அக்டோபர் 20ஆந் திகதி சேவை நிறுத்தப்பட்டது. வடகீழ்ப் பருவக்காற்று வாயிலில் வந்து நிற்கையிலே ஒரு கப்பற் சேவையைத் தொடங்குவது, அடைமழைக்கு முதல் நாள் கூரையைப் பிரிப்பது போன்றதாகும். மீன்பிடிக்கச் செல்லும் மயிலிட்டிச் சிறுவனுக்கும் தெரிந்த விஷயம் அது.

2024 ஆகஸ்ட் 16ஆந் திகதி ‘சிவகங்கை’ என்னும் கப்பல் அவ்வழியை ஏற்றது. சாதாரண ஆசனம் 5,000 இந்திய ரூபா, சிறப்பாசனம் 7,500 ரூபா, வரி வேறு. மழைக்காலத்தில் நின்று, 2025 பெப்ரவரியில் மீண்டும் ஓடியபோது, போகவர 8,500 ரூபாவென்று கட்டணம் குறைக்கப்பட்டது. அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ 30,000 இலங்கை ரூபா. இவ்வளவு குறைக்க எங்ஙனம் இயன்றது? சேவையின் நடைமுறைச் செலவுக்காக இந்திய அரசாங்கம் மாதந்தோறும் இரண்டரைக் கோடி இலங்கை ரூபாவுக்கு மேல் உதவியது. இலங்கை அரசாங்கமும் கப்பற் பிரயாணிகளின் புறப்பாட்டு வரியைக் குறைத்தது. இதனைச் சிறிது கணக்கிட்டுப் பார்க்கலாம். மாதத்தில் 25 நாள் போய்வந்தால் 50 ஓட்டம். ஓர் ஓட்டத்துக்கு உதவிப்பணம் ஐந்து இலட்சம் ரூபா. 150 ஆசனமும் நிறைந்தாலுமே, ஆசனமொன்றின் பின்னால் 3,300 ரூபாவுக்கு மேல் அரசாங்கப் பணம் நிற்கிறது. பாதி நிறைந்தால் அது இருமடங்கு. 1907இலே மூலதனத்தைக் கரைத்துக் கொடுத்த குறைவிலையை இக்காலத்தில் வரிப்பணம் தாங்குகிறது. உதவி நீடிக்கும்வரை இந்த விலை நீடிக்கும். உதவி நின்றால் ஆசனத்தின் உண்மை விலை வெளிப்படும். ஆதலால், சென்ற ஆண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வாண்டுச் செலவைத் தீர்மானிப்பது பொருந்தாது.

இனி, உல்லாசக் கப்பலின் கணக்கு. அது முற்றிலும் வேறு வகை. ‘எம்பிரஸ்’ என்னும் கப்பல் 1990இற் சேவைக்கு வந்தது. ஏறத்தாழ 48,000 டன். எண்ணூறு அறைகள் அளவில். கோர்டேலியா என்ற இந்திய நிறுவனத்தின் கீழ் 2021இல் ஓடத் தொடங்கிய அது, 2023 யூனிற் சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டுச் சென்றது. இத்தகைய பிரயாணம் ஊர் சேர்வதற்கன்று. புறப்பட்ட துறைக்கே திரும்புவதற்கு.

விளம்பரத்திலே ஆளுக்கு இவ்வளவு என்று காணப்படும் தொகை, ஓர் அறையில் இருவர் தங்குவதாகக் கொண்டு கணித்ததாகும். தனியே செல்பவர் தம் அறையிலுள்ள வெற்றுப் படுக்கைக்கும் பணம் கொடுக்க நேரும். சிலவேளை இரட்டைக் கட்டணத்தை அணுகும். அதே அறையில் மூன்றாமவராகவும் நான்காமவராகவும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டால் அவர்களுக்கான கட்டணம் குறையும். உள்ளறைக்கு ஒரு விலை, யன்னலறைக்கு ஒரு விலை, முகப்புமாடம் உள்ள அறைக்கு இன்னொரு விலை. ஆனால் மூவரும் உண்பது ஒரே சாப்பாட்டு மண்டபத்திலேயே. பகல் முழுவதும் மேற்றளத்திற் கழிக்கப்போகிறவர் யன்னலுக்குக் கொடுக்கும் பணம் உறக்கத்திற்குக் கொடுக்கும் பணமே. துறைமுகக் கட்டணமும் வரியும் பணியாளர்க்குரிய தொகையும் கடைசியில் வந்து சேரும். பானவகையும் கரையிறங்கிச் சுற்றிப் பார்ப்பதும் பெரும்பாலும் வேறாகவே கணக்கிடப்படும்.

அறை வெறுமையாகப் போவதிலும், குறைந்த விலைக்கேனும் அதனை விற்று, ஏறியவர் கப்பலினுள்ளே செலவிடும் பணத்தாற் குறையை நிரப்புவது உல்லாசக் கப்பற் கம்பெனிகளின் வழக்கம். சிதம்பரம்பிள்ளையின் தட்டுப் பிரயாணியிடம் அவ்வாறு பெறுவதற்கு ஒன்றுமிருக்கவில்லை. நாகபட்டினக் கப்பலில் நான்கு மணித்தியாலம் இருப்பவரிடமும் அதிகம் பெறமுடியாது. ஆகையாலேயே பெரிய மிதக்கும் விடுதியின் நாட்கட்டணம் சிலவேளை வியக்கத்தக்க மலிவாகவும், சிறிய கப்பலின் கட்டணம் தூரத்துக்கு மிகையாகவும் தோன்றுகிறது.

இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சென்னைக்குப் பறந்து சென்று, கப்பலேறி, இந்தியாவை நீங்கி, மீண்டும் சென்னையில் இறங்குபவர் இந்தியாவினுள் இருமுறை நுழைகின்றார். ஒருமுறை நுழைவதற்கு மட்டும் பெற்ற விசா அவருக்குப் போதாது. கட்டணச் சலுகையைக் கண்டு மகிழ்ந்து முன்பணம் செலுத்தியபின் இதனை அறிவதிற் பயனில்லை.

கொட்டாஞ்சேனைக் குடும்பமொன்று வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் செல்லத் திட்டமிடுகிறது என்று கொள்க. ஆகஸ்ட் 29இற் கொடியேறி, செப்டெம்பர் 8இற் பெருவிழா. நாகபட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி ஏறத்தாழ 12 கிலோமீற்றரே. கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான பிரயாணம் கிடைப்பது அரிது. பருவக்காற்றுக்கும் இன்னும் நாளுண்டு. விமானத்திற் சென்றால் திருச்சியிலோ சென்னையிலோ இறங்கி, மீண்டும் நெடுந்தூரம் தரைவழி செல்லவேண்டும். ஆனால், கப்பற் சீட்டின் விலையோடு முதலிலே சேர்க்கவேண்டியது யாழ்ப்பாணம் வரையுள்ள இரவுப் பேருந்துக் கட்டணம்; அதுவும் போகவரக் குடும்பத்தார் அனைவருக்கும். அதன்பின் காங்கேசன்துறை வரை வாகனம். மூட்டைக்கு எத்தனை கிலோ இலவசம் என்பது மாறிவருவதால், ஒவ்வொரு முறையும் விசாரித்தல் வேண்டும்; திரும்பும்போது மூட்டை பெருக்கும் என்பதை எந்தக் குடும்பத்துக்கும் சொல்லித்தரவேண்டியதில்லை.

கடல் கொந்தளித்து ஒருநாட் பயணம் தடைப்பட்டால் யாது செய்வது? வெள்ளவத்தைக் குடும்பத்துக்கு யாழ்ப்பாணத்திலே பெரியம்மா வீடு இருக்கும். இரண்டு நாள் தங்கலும் விருந்தாய் முடியும். கொட்டாஞ்சேனைக் குடும்பத்துக்கு அதே இரண்டு நாள் விடுதிச் செலவாகும். கூலிவேலை செய்பவர் வீட்டில் இரண்டு நாட் சம்பளமும் போகும். இருவர் கையிலும் இருப்பது ஒரே விலைச் சீட்டுத்தான். பிரயாணத்தின் விலையோ ஒன்றன்று. நாள் நெருங்கக் கையிலே சேமிப்பு இல்லாதவருக்கு, சற்று அதிகமாயினும் நிச்சயமாகப் புறப்படும் விமானமே மலிவாகிவிடக்கூடும். நேரமும் உறவினர் வீடும் உள்ளவருக்குக் கப்பலே மலிவு.

கார்த்திகை மார்கழியிற் செல்ல எண்ணுபவர்கள் இன்னும் ஒருபடி எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். 2023இலும் 2024இலும் மழைக்காலத்திலே நாகபட்டினக் கப்பல் நின்றது. நத்தாருக்கும் தைப்பொங்கலுக்கும் அதை நம்புதல் இயலவில்லை. ஐப்பசி தொடக்கத்திற் போகும் சீட்டும் ஐப்பசி முடிவில் திரும்பும் சீட்டும் ஒரே தன்மையுடையன அல்ல. முன்னது அநேகமாகப் பயன்படும், பின்னது ஒருவேளை பயன்படாது. கம்பெனி கப்பலை நிறுத்தினால் முழுப்பணமும் மீளக் கிடைக்குமா, அன்றி வேறு திகதிக்கு மாற்றித் தருவார்களா, எத்தனை நாளிற் பணம் வரும் என்பன சீட்டோடு வரும் நிபந்தனைகளிலே சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றை வாசித்து முடித்தபின்னரே பணப்பையைத் திறத்தல் வேண்டும்.